சக்கர நாற்காலி ஏற்றும் மினிபஸ்: பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளிக்கிழமைக் கோயில், புதன்கிழமை மூத்தோர் ஒன்றுகூடல், மாதம் ஒருமுறை கண் பரிசோதனை. இவற்றுக்கெல்லாம் வரமுடியாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் அம்மம்மாக்களுக்கும் அப்பப்பாக்களுக்கும் சங்கமே ஒரு வண்டி ஓட்டினால் என்ன என்ற பேச்சு அநேகமாக எல்லாப் பொதுக்கூட்டத்திலும் எழும். எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடும். அனுமதி எடுப்பது பெரிய வேலை என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். உண்மையில் அனுமதிதான் இதில் மிக மலிவான, மிக இலகுவான பகுதி. வேலை முழுக்கச் சாரதியிலும் லிப்டிலும் பெல்ட்டிலும் இருக்கிறது.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் இதற்கு 10பி அனுமதி என்று வேறொரு முறை உண்டு.

1. வண்டி வாங்க முன் விசாரியுங்கள்

லண்டனில் 2005 இறுதியிலிருந்து வழமையான சேவை பஸ்கள் எல்லாமே தாழ்தளப் பஸ்கள்தான். சாய்தளம் உண்டு, சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு பஸ்ஸில் இடம் ஒன்றுதான். வீட்டு வாசலில் இருந்து தரிப்பிடம் வரை போக முடியாதவருக்கு அந்தச் சாய்தளத்தால் பயனும் இல்லை. உங்கள் ஆட்கள் இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். தரிப்பிடம் வரை போகக்கூடியவர்களுக்குத் தேவை மினிபஸ் அல்ல, முதல் இரண்டு மூன்று தடவை கூடப் போய்வர ஒரு ஆள்.

அடுத்து, லண்டனில் இருப்பவர்கள் டயல்-எ-ரைட் சேவையில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டு வாசலில் வந்து ஏற்றும் சேவை, பயணம் இலவசம். 85 வயதைத் தாண்டியவர்கள் வேறு சான்று காட்டாமலே சேரலாம். நம்மவர்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. முன்பதிவு எப்போதும் கிடைத்துவிடும் என்றில்லை, ஒரு கூட்டத்துக்கு இருபது பேரை ஒரே நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கவும் அது உதவாது. ஆனால் தனித்தனிப் பயணங்களின் சுமையைக் குறைக்கும்.

மூன்றாவது விசாரணைதான் முக்கியம். உங்கள் பகுதியில் சமூகப் போக்குவரத்து அமைப்பு ஏதும் இருக்கிறதா என்று கவுன்சிலில் கேளுங்கள். இவற்றில் பல, லிப்ட் பூட்டிய மினிபஸ்களை அங்கத்துவ அமைப்புகளுக்கு வாடகைக்குத் தருகின்றன, சில இடங்களில் சாரதியோடும் தரும். கிழமைக்கு ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டத்துக்குச் சொந்த வண்டி வாங்குவது வீண் செலவு. முதல் ஆறு மாதம் வாடகை வண்டியில் ஓடிப் பாருங்கள். எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள், எத்தனை சாரதிகள் உண்மையில் நிலைக்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

2. 19ஆம் பிரிவா, 22ஆம் பிரிவா?

1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில் இலாப நோக்கற்ற அமைப்புகள் காசு வாங்கிப் பயணிகளை ஏற்ற இரண்டு அனுமதி வழிகள் உண்டு.

19ஆம் பிரிவு அனுமதியில் உங்கள் அங்கத்தவர்கள், நீங்கள் சேவை செய்யும் மக்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளர்கள், அவர்களுக்குத் துணை வருபவர்கள், மாணவர்கள் போன்ற குறிப்பிட்ட வகுப்பினரை ஏற்றலாம். வழியில் கைகாட்டும் பொதுமக்களை ஏற்ற முடியாது. 22ஆம் பிரிவில் பொதுமக்களையும் ஏற்றலாம், ஆனால் அது நேர அட்டவணையோடு பதிவு செய்யவேண்டிய உள்ளூர் பஸ் சேவை. இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே அந்தப் பதிவுக்கு மட்டும் 70 நாள் முன்னறிவித்தல் வேண்டும். முதல் 28 நாள் உள்ளூராட்சிக்கு, பிறகு 42 நாள், பஸ் அனுமதிகளைக் கொடுக்கும் அரச அதிகாரியான போக்குவரத்து ஆணையாளருக்கு. லண்டனுக்குள் என்றால் நகரப் போக்குவரத்து நிறுவனத்திடம் தனி அனுமதி எடுக்கவேண்டும்.

கோயிலுக்கும் மூத்தோர் சங்கத்துக்கும் 19ஆம் பிரிவு போதும். 22ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

3. “நாங்கள் காசு வாங்குவதில்லையே” என்ற பொறி

ஒரு சதம்கூட வாங்காமல் ஏற்றினால் இந்த அனுமதியே தேவையில்லை. ஆனால் “வாங்குவது” என்பதைச் சட்டம் மிக அகலமாகப் பார்க்கிறது. பெற்றோல் காசு என்று ஆளுக்கு 2 பவுண் சேர்ப்பதும் கட்டணம்தான். வண்டியில் வர உரிமை தரும் அங்கத்துவப் பணமும் கட்டணம். சாப்பாட்டோடு சேர்த்து வாங்கும் நிகழ்ச்சிக் காசு, மகன் தாய்க்காகக் கட்டும் காசு, கவுன்சில் அந்தப் பயணத்துக்காகத் தரும் காசு, எல்லாமே அப்படித்தான் பார்க்கப்படும். உண்டியல் வைத்து “விரும்பினால் போடுங்கள்” என்றாலும், போடாதவருக்கு அடுத்த முறை இடமில்லை என்றால் அதுவும் கட்டணமே.

அனுமதி இல்லாமல் இப்படி ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான். ஐந்து வருடத்துக்கு 11 பவுண் கட்டினால் தீரும் விஷயம். எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு எரிபொருள், பராமரிப்பு, வண்டித் தேய்மானம் எல்லாம் சேர்த்துச் செலவை ஈடுகட்டும் அளவுக்குத் தாராளமாக வாங்கலாம். இலாப நோக்கு மட்டும் கூடாது. கடைக்காரர் ஒருவர் தன் வியாபாரத்துக்கு ஆள் சேர்க்க உங்கள் அனுமதியைப் பாவிக்கவும் முடியாது.

4. விண்ணப்பம்

9 முதல் 16 பயணிகள் வரையான வண்டிக்குச் சாதாரண 19ஆம் பிரிவு அனுமதி: 11 பவுண். 17உம் அதற்கு மேலும் என்றால் பெரிய பஸ் அனுமதி: 20 பவுண். சாதாரண அனுமதியைப் போக்குவரத்து ஆணையாளர் அலுவலகத்திலும் எடுக்கலாம், அதிகாரம் பெற்ற அமைப்புகள் மூலமும் எடுக்கலாம். சமூகப் போக்குவரத்துச் சங்கம் எனப்படும் சி.டி.ஏ. அப்படியொரு அமைப்பு. தன் அங்கத்தவர்களுக்கு வழங்கும். சில கவுன்சில்களும் வழங்குகின்றன.

கையில் வைத்திருக்க வேண்டியவை: சங்கத்தின் யாப்பு, அதிலே இலாபம் பகிரப்படாது என்ற வாசகம், நிர்வாகக் குழுவின் பெயர் விவரம், அறக்கட்டளைப் பதிவு இலக்கம் இருந்தால் அது, வண்டி எங்கே நிறுத்தப்படும், யார் பராமரிப்பார் என்ற விவரம். அறக்கட்டளையாகப் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் யாப்பில் நோக்கங்கள் தெளிவாக இருக்கவேண்டும். “தமிழ் வளர்த்தல்” என்று மட்டும் எழுதியிருக்கும் பழைய யாப்பென்றால், மூத்தோர் நலனையும் மாற்றுத்திறனாளிகள் நலனையும் பொதுக்கூட்டத்தில் சேர்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

படிவத்தில் பயணிகள் வகுப்பைத் தெரிவு செய்யும் இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். அங்கத்தவர் என்பதை மட்டும் தெரிவு செய்துவிட்டு, பிறகு அங்கத்தவர் அல்லாத ஒருவரின் தாயாரை ஏற்றுவார்கள். அமைப்பால் பயன்பெறுவோர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றும் எண்ணமிருந்தால் மாணவர் வகுப்பையும் சேருங்கள்.

அனுமதி ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு உரியதல்ல, அமைப்புக்கு உரியது. இன்று வாடகை வண்டி, நாளை சொந்த வண்டி என்றால் அனுமதியோடு தரும் அதே வட்டச் சீட்டை எடுத்து முன்கண்ணாடியில் வைக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி ஓடினால் இரண்டு அனுமதி வேண்டும். வாடகைக்குத் தரும் அமைப்பின் அனுமதி உங்களைக் காப்பாற்றாது: வண்டியை எடுத்து நீங்களே ஓட்டி, பயணிகளிடம் காசும் வாங்கினால் உங்கள் பெயரில் அனுமதி இருக்கவேண்டும்.

திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது விண்ணப்பிக்காதீர்கள். இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

5. சாரதிகள்

ஒரு வண்டிக்குக் குறைந்தது நான்கு சாரதிகள் தேவை. இரண்டு பேரை நம்பித் தொடங்கினால் ஒருவர் ஊருக்குப் போவார், மற்றவருக்குக் காய்ச்சல் வரும்.

கார் சோதனையை 1997 ஜனவரி 1க்கு முன் சித்தியடைந்தவர்களின் சாரதி அனுமதிப்பத்திர அட்டையில் டி1 எனப்படும் மினிபஸ் வகுப்பு, 101 (கட்டணத்துக்கு ஓட்டக்கூடாது) என்ற குறியோடு இருக்கும். அவர்கள் 16 பயணிகள் வரை 19ஆம் பிரிவு அனுமதியில் ஓட்டலாம். ஆனால் 70 வயதில் அந்த டி1 தானாகப் போய்விடும். தொடர்ந்து வைத்திருக்க டி4 மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிக்கைக்கு வைத்தியர் கேட்கும் காசை சாரதி அல்லது சங்கம்தான் கட்டவேண்டும். ஓய்வுபெற்ற ஐயாமார்தான் நமக்குக் கிடைக்கும் தொண்டர்கள் என்பதால் இது அடிக்கடி வரும் சிக்கல். கார் அனுமதியை மட்டும் புதுப்பித்துவிட்டு, மினிபஸ்ஸும் ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் திகதிக்குப் பின் சித்தியடைந்தவர்களுக்கு டி1 இல்லை. ஆனாலும் வெறும் கார் அனுமதியோடு ஓட்ட வழி உண்டு. நிபந்தனைகள் எல்லாம் ஒன்றுசேரப் பொருந்தவேண்டும்: வயது 21 அல்லது அதற்கு மேல், முழுக் கார் அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், சம்பளமில்லாத தொண்டாக ஓட்டவேண்டும், வண்டியின் உச்ச எடை 3.5 தொன்னுக்குள் இருக்கவேண்டும், இழுவைப் பெட்டி பூட்டக்கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான விசேட உபகரணம் பூட்டிய வண்டியென்றால் எடை 4.25 தொன் வரை போகலாம். 70 தாண்டியவருக்கு இங்கும் மருத்துவத் தகுதி வேண்டும். கைச்செலவைத் திருப்பிக் கொடுக்கலாம். நாளுக்கு 40 பவுண் “கைமடல்” கொடுத்தால் அது சம்பளம், சலுகை போய்விடும்.

இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தோடு புதிதாக வந்தவர்கள் முதல் 12 மாதம் கார் ஓட்டலாம், மினிபஸ் ஓட்ட முடியாது. அந்த அனுமதிகளை இங்கே மாற்றியும் எடுக்க முடியாது. பிரித்தானியச் சோதனை சித்தியடைந்து, அதிலிருந்துதான் இரண்டு வருடக் கணக்கு. ஊரில் இருபது வருடம் பஸ் ஓட்டியவராக இருந்தாலும் இதுதான் நிலை.

அட்டையைப் பார்த்து நம்பாதீர்கள். சாரதியிடம் இணையவழிச் சரிபார்ப்புக் குறியீடு கேளுங்கள், அது 21 நாள் செல்லுபடியாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். மைடாஸ் எனப்படும் மினிபஸ் சாரதிப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் காப்புறுதிக்காரர் கேட்பார். மாற்றுத்திறனாளிகளை ஏற்றுவதற்கான பகுதியையும் சேர்த்துப் படிப்பியுங்கள், லிப்டும் பெல்ட்டும் அதில்தான் வரும். சான்றிதழ் நான்கு வருடம் நிற்கும். துணையாளுக்கு பாட்ஸ் என்ற தனிப் பயிற்சி உண்டு.

சாரதிக்கும் துணையாளுக்கும் டி.பி.எஸ். பின்னணிச் சோதனை எடுங்கள். தொண்டர்களுக்கு அது இலவசம். உங்களுக்காக விண்ணப்பித்துத் தரும் இடை அமைப்பு நிர்வாகக் கட்டணம் ஏதாவது கேட்கலாம். ஸ்கொட்லாந்தில் இதற்குப் பி.வி.ஜி. என்று வேறு திட்டம்.

6. வண்டி

விளம்பரத்தில் “16 இருக்கை, லிப்டோடு” என்று இருந்தால் 16 பேரும் சக்கர நாற்காலிகளும் என்று அர்த்தமில்லை. ஒரு சக்கர நாற்காலிக்கு ஏறத்தாழ 1300 மி.மீ. நீளம், 750 மி.மீ. அகலம் வேண்டும், அதைச் சுற்றிப் பெல்ட் பூட்டும் ஆளுக்கும் இடம் வேண்டும். மூன்று நான்கு இருக்கைகளைக் கழற்றினால்தான் ஒரு நாற்காலி. ஆகவே தண்டவாளம் பதித்த தரையும், கழற்றிப் பூட்டும் இருக்கையும் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

எடையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு உதாரணக் கணக்கு: 3500 கிலோ உச்ச எடையுள்ள வண்டி லிப்டோடு வெறுமையாக 2700 கிலோ என்றால் மிச்சம் 800. சாரதியும் எட்டுப் பேரும் ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் 630 போய்விட்டது. மிச்சமுள்ள 170 கிலோவில் மின் சக்கர நாற்காலியையும் அதில் இருப்பவரையும் ஏற்ற முடியாது, நாற்காலி மட்டுமே 100 கிலோவைத் தாண்டக்கூடும். பொங்கல் பானையும் அரிசி மூட்டையும் பின்னால் ஏற்றினால் சொல்லவே வேண்டாம். வாங்க முன் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அந்தச் சீட்டைச் சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

22 பயணிகளுக்கு மேல் ஏற்றும் வழமைச் சேவை வண்டிகளுக்குத்தான் சக்கர நாற்காலி வசதியைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. 16 இருக்கை மினிபஸ்ஸுக்கு இல்லை. அதனால் சந்தையில் லிப்ட் இல்லாத வண்டிகள்தான் மலிவாகக் கிடைக்கும். பிறகு பூட்டலாம் என்று வாங்காதீர்கள். கூரை உயரமும் தரைப் பலமும் ஒத்துவராமல் போகலாம்.

பின்பக்க லிப்ட் என்றால் வண்டிக்குப் பின்னால் குறைந்தது 3 மீற்றர் சமதரை வேண்டும். நெருக்கமான தெருக்களில் அது கிடைக்காது, நடுத்தெருவில்தான் இறக்கவேண்டி வரும். அப்படிப்பட்ட வீதிகளில் உங்கள் ஆட்கள் அதிகமென்றால் பக்கவாட்டு லிப்டைப் பாருங்கள்.

காசு மிச்சம் பிடிக்க இரண்டு வழி. மாற்றுத்திறனாளிகளைக் கொண்டுசெல்ல மட்டும் அமைப்பு பாவிக்கும் வண்டிக்கு வீதிவரி இல்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை அதே வண்டியில் ஏற்றினால் அந்தச் சலுகை கேட்கக்கூடாது. அடுத்தது, தகுதியுள்ள அறக்கட்டளை சக்கர நாற்காலி வசதியுள்ள வண்டியை வாங்கும்போது 20 சதவீத வற் வரியிலிருந்து விலக்குக் கேட்கமுடியும். எழுத்துமூல உறுதியை விற்பவருக்கு வாங்கும்போதே கொடுங்கள், காசு கட்டிய பிறகு அலைவது வீண். தகுதி இருக்கிறதா என்பதைக் கணக்காளரிடம் முதலே கேளுங்கள்.

லண்டனில் ஓடுவதென்றால் டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்கவேண்டும். இல்லையேல், விலக்கு ஏதும் பொருந்தாவிட்டால், யூலெஸ் எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு வலயத்தில் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண். விலை குறைத்து விற்கும் பழைய டீசல் மினிபஸ்ஸின் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

7. பரிசோதனையும் காப்புறுதியும்

எட்டுப் பயணிகளுக்கு மேல் இருக்கையுள்ள வண்டிக்கு எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்த வாகனச் சோதனை முதல் வருடத்திலிருந்தே தேவை, காரைப்போல மூன்று வருடம் காத்திருக்க முடியாது. 9 முதல் 12 இருக்கைக்கு உச்சக் கட்டணம் 57.30 பவுண், 13 முதல் 16க்கு 59.55. இருக்கைப் பெல்ட் சோதனையும் சேர்ந்தால் கூடும். 13க்கு மேல் என்றால் எல்லாக் கராஜும் செய்யாது, முன்கூட்டியே தேடிவையுங்கள்.

ஆட்களைத் தூக்கும் லிப்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தூக்கும் உபகரணங்களுக்கான லோலர் விதிப்படி முழுப் பரிசோதனை. எம்.ஓ.டி. கராஜ் இதைச் செய்ததாக நினைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு. லிப்டில் எழுதியுள்ள பாதுகாப்பு எடைக்குள் நாற்காலியும் ஆளும் துணையாளும் அடங்குகிறார்களா பாருங்கள். வண்டியைச் சேவைக்கும் எம்.ஓ.டி.க்கும் இடையில் ஆறு முதல் பத்துக் கிழமைக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டி, தாள்களை 15 மாதம் வைத்திருங்கள்.

உள்ளே முதலுதவிப் பெட்டி, 8ஏ அல்லது 21பி தரமுள்ள நுரை தீயணைப்பான் இருக்கவேண்டும்.

காப்புறுதி எடுக்கும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: 19ஆம் பிரிவுப் பாவனை, சாரதிகளின் வயதெல்லை, லிப்டில் ஏற்றி இறக்கும்போது நடக்கும் காயம். மூன்றாவது, மோட்டார்க் காப்புறுதிக்கும் பொதுப் பொறுப்புக் காப்புறுதிக்கும் நடுவில் விழுந்துவிடும் இடம்.

கிழமைக்கு ஒரு நாள் ஓடும் வண்டியின் பற்றரி குளிர்காலத்தில் இறங்கிவிடும். என்ஜின் எப்படியோ இயங்கும், லிப்ட் அரைவாசியில் நிற்கும். இடையில் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கையால் இறக்கும் பம்பு எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று எல்லாச் சாரதியும் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.

8. ஏற்றுதல், கட்டுதல்

லிப்டில் ஏறியதும் பிரேக் போடுங்கள், மின் நாற்காலி என்றால் சுவிட்சை அணையுங்கள், உருண்டு விழாமல் தடுக்கும் முன்தட்டு நிமிர்ந்திருக்கிறதா பாருங்கள். சேலைத் தலைப்பு, சால்வை, வேட்டி நுனி மூன்றையும் மடியில் சுருட்டிவைத்த பிறகுதான் பொத்தானை அழுத்தவேண்டும். சக்கரக் கம்பியில் சேலை சிக்குவது நம் வண்டிகளுக்கே உரிய விபத்து.

நாற்காலியைத் தரையோடு கட்ட நான்கு பட்டிகள், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. நாற்காலிச் சட்டத்தில் கொக்கிப் படம் ஒட்டிய இடத்தில்தான் மாட்டவேண்டும். சக்கரத்திலோ கழற்றக்கூடிய கைப்பிடியிலோ கால்தட்டிலோ மாட்டக்கூடாது. அதன் பிறகு, ஆளுக்கென்று தனியாக இடுப்பும் தோளும் சேர்ந்த மூன்றுமுனைப் பெல்ட். நாற்காலியோடு வரும் துணிப்பட்டி நிமிர்ந்து இருக்க மட்டும்தான், மோதலில் தாங்காது. நாற்காலி முன்னோக்கி இருக்கவேண்டும். பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம்.

மருத்துவமனை தந்த தள்ளு நாற்காலிகள் எல்லாம் வாகனத்துக்குள் இருந்து பயணிக்கச் சோதிக்கப்பட்டவை அல்ல. மாறி உட்காரக்கூடியவர் வண்டி இருக்கைக்கு மாறட்டும். மின் ஸ்கூட்டரில் வருபவர் கட்டாயம் மாறவேண்டும், ஸ்கூட்டரைப் பொதியாகக் கட்டுங்கள்.

9. பாதையும் நேரமும்

ஒரு நாற்காலியை ஏற்றிக் கட்ட, பழகிய இருவருக்கு 7 முதல் 10 நிமிடம். நடந்து ஏறுபவருக்கு வாசலில் இருந்து 4, 5 நிமிடம். இரண்டு நாற்காலியும் ஆறு பேரும் என்றால் ஓட்ட நேரத்தைத் தவிர்த்தே முக்கால் மணி நேரம் போகும். முதலில் ஏறியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்காதபடி பாதையைப் போடுங்கள். முடியாவிட்டால் இரண்டு சுற்றாகப் பிரியுங்கள். காலையில் முதலில் ஏறியவரை மாலையில் முதலில் இறக்கினால் முறைப்பாடு பாதியாகக் குறையும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: நாற்காலி வகை, எடை, மாறி உட்கார முடியுமா, வீட்டு வாசலில் எத்தனை படி, திரும்பி வரும்போது கதவு திறக்க ஆள் உண்டா, அவசரத்துக்கு யாரை அழைப்பது. படி இருக்கும் வீட்டுக்கு முதலே போய்ப் பாருங்கள். சாரதியும் துணையாளும் நாற்காலியைப் படியில் தூக்கக்கூடாது என்பதைக் குடும்பத்துக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று சொன்னால் சண்டை வரும். இந்தத் தாள்களில் நோய் விவரம் இருப்பதால் பூட்டிய பெட்டியில் வைத்திருங்கள், வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

முதல் ஓட்டத்தைத் திருவிழா நாளில் வைக்காதீர்கள். சாதாரண ஒரு புதன்கிழமை, நாலு பேர், ஒரு நாற்காலி. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பின்பக்க லிப்டுக்குரிய 3 மீற்றரை மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கச் சொல்லுங்கள். பூசை முடிந்து வரும்போது அந்த இடத்தில் யாராவது காரை விட்டிருப்பார்கள், ஒலிபெருக்கியில் இலக்கத் தகட்டை வாசிக்க ஒருவரை முதலே ஒழுங்குபண்ணி வையுங்கள்.